போதும் என்று சொல்லாத ஊர்

அர்த்தநாரி கட்டிலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருப்பதை முதலில் பார்த்தவள் அவன் மனைவி கோகிலவாணி. விடிந்து பால்காரர் வந்துபோன நேரம். காப்பி டம்ளரோடு உள்ளே வந்தவள் அவனுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஜன்னல் வெளிச்சம் புகுந்து சுவரில் விழுவதைப் பார்த்தாள், டம்ளரைக் கட்டிலில் வைத்தால் குனிந்து எடுக்க அவனுக்குச் சிரமமாயிருக்கும் என்று நினைத்துக் கையிலேயே கொடுத்தாள். அவன் ஒரு கையால் வாங்கிக்கொண்டான். இன்னொரு கையில் போன் இருந்தது. போனில் ஒரு சிவப்பு பலூன் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த ஆட்டம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பணம் கட்டினால் பலூன் கிளம்பும். அது ஏற ஏற அதன் அடியில் ஓர் எண்ணும் ஏறும், ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று என்று. ‘இறங்கு’ என்ற பொத்தானை அழுத்தும்போது எந்த எண் இருக்கிறதோ அத்தனை மடங்கு கிடைக்கும். அழுத்துவதற்குள் பலூன் வெடித்துவிட்டால் கட்டியதும் போச்சு. கண்ணை மூடித் திறப்பதற்குள் பெரும்பாலும் வெடித்துவிடும். அர்த்தநாரியின் பலூன் முந்தின நாள் சாயங்காலம் கிளம்பியது, வெடிக்கவில்லை. மேடேறும் பாரவண்டியைப் போல மெதுவாக ஏறிக்கொண்டேயிருந்தது, எண் ஏற ஏற அவனும் ஏறினான்.

“ஏனுங்க மாமா, கீழ எறங்க முடியலீங்களா?” என்று கேட்டாள் கோகிலவாணி.

“பொத்தான அழுத்துனா எறங்கிருவேன்னு நெனைக்கிறேன்” என்றான் அர்த்தநாரி. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்வாள் என்று காத்திருந்ததுபோல இருந்தது. அவளும் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரின் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கரட்டுப்பாளையத்தில் வீட்டுக்கு ஒருவராவது ரிக் வண்டியில் போயிருப்பார்கள். பூமியில் ஆழ்துளை போடுவது எங்கள் தொழில். ராஜஸ்தானத்துக்கும் சத்தீஸ்கருக்கும் போய், பாஷை தெரியாத ஊர்களில் மாசக்கணக்கில் தங்கி, அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, துளையிடும் இரும்புத் தண்டான ராடை இறக்குவோம். எத்தனை அடியில் நிறுத்துவது என்பதை மட்டும் நாங்கள் சொல்ல மாட்டோம். கல் மாறுகிறதா, ஈரம் வருகிறதா, வெறும் புழுதியா என்பது ராடு பிடித்தவனின் உள்ளங்கைக்கு முன்னாடியே தெரிந்துவிடும், ஆனாலும் அவன் வாயைத் திறக்கக் கூடாது. ‘போதும்’ என்ற சொல் குழிக்குச் சொந்தக்காரர் வாயிலிருந்துதான் வர வேண்டும். நாம் சொல்லி நிறுத்திய குழியில் நாளைக்கு இன்னொருவன் வந்து பத்தடி கூடப் போட்டுத் தண்ணீர் எடுத்துவிட்டால், அந்த ஊரில் நம் பேர் எடுக்கும்போதெல்லாம் மண்ணை வாரித் தூற்றுவார்கள். அந்தப் பயத்தில் உண்டான வழக்கம் இது, தொழிலை விட்டு வெளியே வந்து எங்கள் வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பந்தியில் பரிமாறுகிறவர் ‘போதுமா’ என்று கேட்பதில்லை. சாப்பிடுகிறவர் இலைக்குக் குறுக்கே கையை நீட்டும்வரை சோறு விழுந்துகொண்டேயிருக்கும். குடிக்கிறவனையும் யாரும் தடுப்பதில்லை, அடிக்கிறவனையும் தடுப்பதில்லை. இதை நாங்கள் மரியாதை என்று நினைத்திருந்தோம்.

அன்று மத்தியானத்துக்குள் அர்த்தநாரி கூரையைத் தொட்டுவிட்டான். கோகிலவாணியின் அண்ணன் மயில்சாமி வந்து மேலே ஏறி இரண்டு சிமெண்ட் சீட்டைக் கழற்றி வழி செய்து கொடுத்தார். மயில்சாமி கம்ப்ரசர் மெக்கானிக். எந்தக் கோளாறுக்கும் முதலில் ஸ்பேனரைத் தேடுகிற ஆள். மைத்துனன் இடுப்பில் நைலான் வடத்தைச் சுற்றி, மறுமுனையை வாசலில் கிடந்த, ஆழ்துளைக்குள் இறக்குகிற பழைய கேசிங் பைப்பில் கட்டினார்.

“மாப்ள, இறுக்கமா இருக்குதா?”

“கொஞ்சம் தளத்தி விடுங்க மச்சா. சாப்புட்டா வலிக்கும்.”

“அட இவன! பறக்கறவனுக்கு இடுப்பு வலியாமா!”

சாயங்காலம் பாவாயக்காவின் டீக்கடையில் ஊரே கூடியிருந்தது. பேச்சு ஒன்றே ஒன்றுதான். இந்தக் குழி யாருடையது? அர்த்தநாரியின் வங்கிக் கணக்கு முன்பே இந்த ஆட்டத்தில் காய்ந்துபோயிருந்ததால் கடைசியாக அவன் ஆடியது கோகிலவாணியின் கணக்கில், கோகிலவாணியின் போன் நம்பரில். அப்படியானால் சொந்தக்காரி அவள்தான், போதும் என்று அவள்தான் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. முடிவானதும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். எனக்கும் வந்தது. பாவாயக்கா மட்டும் டீ ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “நல்லா ஞாயம் பேசறீங்கடா. உங்க வாயி எதுக்கு இருக்குது, பஜ்ஜி திங்கறதுக்கா?” ஆனால் அவளும் இந்த ஊர்க்காரிதானே, அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பலகையில் பஜ்ஜி விலையை எழுதியிருந்த இடத்தை அழித்துவிட்டு அன்றைய எண்ணைச் சாக்பீஸால் எழுதினாள்.

அதற்குப் பிறகு எண் இருபது ஆயிற்று, அவன் முருங்கை உச்சிக்குப் போனான். நாற்பது ஆயிற்று, மின்கம்பத்தைத் தாண்டினான். மின்வாரியத்திலிருந்து லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்து, கம்பியில் படாமல் வடத்தைக் கொஞ்சம் தெற்கே தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். தூக்குச்சட்டியில் சோறும் இன்னொரு தூக்கில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் தினமும் வடத்தில் ஏறிப் போயின. அவனுக்கு போன் மட்டும் யாரும் பண்ணவில்லை. அழைப்பு வந்தால் ஆட்டம் அறுந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும். மயில்சாமி ஆட்டக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு ‘உங்கள் சுற்று நடந்துகொண்டிருக்கிறது, வாழ்த்துகள்’ என்று பதில் வந்தது.

ஒருவன் வானத்தில் இருப்பதற்கு ஓர் ஊர் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. அவன் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள், மிளகாய் காயப்போட்ட பெண்கள் அந்த நிழல் நகர்கிற திசையைக் கணக்கு வைத்துப் பாயை இழுத்துப் போட்டார்கள், காணாமல் போன ஆட்டுக்குட்டி எந்தக் காட்டில் மேய்கிறது என்று அவனைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வடக்கே போன வண்டிகளுக்காகக் காத்திருந்த பெண்கள் கீழே நின்று, “அண்ணோவ், பைபாஸ்ல பச்ச வண்டி தெரியுதுங்களா?” என்று கூவுவார்கள். “தெரியல தங்கச்சி. ஒரு மஞ்ச வண்டி வருது, சுப்பராயன் வண்டியாட்ட இருக்குது” என்று பதில் வரும். உடனே சுப்பராயன் வீட்டில் கோழி அடிப்பார்கள். அவன் அவ்வளவு உபயோகமாக இருந்தான். உபயோகமாக இருப்பவனை இறக்குவதற்கு யாருக்கு அவசரம்?

பையன்கள் அவன் நிழலில் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தார்கள். அவர்களுடைய பலூன்கள் வழக்கம்போல வெடித்தன. ஆனாலும் நிழல் ராசி என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது.

மயில்சாமி அவர்களுக்கு ஆசான் ஆனார். அவர்தான் மைத்துனனுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர், அவரிடம் எப்போதும் ஒரு முறை இருக்கும். முதலில் ஒன்றரையில் இறங்கும் முறை: ஆசைப்படாமல் அரையை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவது. சில நாள் நன்றாக ஓடும், பிறகு ஒருநாள் பலூன் கிளம்புகிற இடத்திலேயே வெடித்து அத்தனை நாள் அரைகளையும் ஒரே வாயில் தின்றுவிடும். அடுத்தது இரட்டிப்பு: தோற்றால் இரண்டு பங்கு கட்டு, மறுபடி தோற்றால் நாலு பங்கு, என்றைக்காவது ஜெயித்தே தீருவாய், அன்றைக்கு எல்லாம் திரும்பி வந்துவிடும். அந்த என்றைக்காவது வருவதற்குள் கையிருப்பு தீர்ந்துபோகும் என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கப்புறம் ஒரே சமயத்தில் இரண்டு கட்டி, ஒன்றைக் கீழேயே இறக்கி முதலைக் காப்பாற்றிக்கொண்டு மற்றதை மேலே விடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தைய எண்களைப் பார்ப்பது. “தொடர்ச்சியா குட்டைக் குட்டையா வெடிச்சுதுன்னு வையி, அடுத்தது நெட்டையாப் போயித்தான் ஆகோணும். போகாம எங்க போயிரும்?”

இந்த முறைகள் ஒன்றுகூட எங்களுக்குப் புதிதில்லை என்பதுதான் வேடிக்கை. மூன்று குழி புழுதியானால் நாலாவதில் தண்ணீர் வந்துதான் ஆக வேண்டும் என்று எல்லா மாநிலத்திலும் விவசாயிகள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். முந்நூறில் இல்லையென்றால் அறுநூறு போங்கள் என்று, அதிலும் இல்லையென்றால் இன்னொரு காட்டை விற்று ஆயிரம் போங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு குழிக்கு அடுத்த குழியைத் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியும். உன்னிடம் ஏற்கெனவே நிறைய வாங்கிவிட்டோமே என்று பூமி ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. தெரிந்தும் அவர்கள் காட்டின இடத்தில் வண்டியை நிறுத்தி ராடை இறக்கியிருக்கிறோம். அப்படியிருக்க, கையகல போன் திரையில் அதே விவசாயியாக நாங்கள் எப்போது மாறினோம் என்று யோசிக்கிறேன். அடிக்குக் கூலி வாங்கியவர்களாகவே இத்தனை காலம் நின்றுவிட்டு ஒருமுறையாவது குழிக்குச் சொந்தக்காரனாக இருந்து பார்க்க ஆசைப்பட்டோமோ என்னவோ.

கோகிலவாணியின் அப்பா அப்படியொரு விவசாயி. நாலு ஏக்கர் கரட்டுக் காட்டில் ஏழு குழி போட்டார். ஏழாவது குழிக்கு ராடு பிடித்தவன் அர்த்தநாரி. எந்த அடியிலும் தண்ணீர் வராது என்று அவன் கைக்குத் தெரிந்த பிறகும் அவர் ‘இன்னும் பத்தடி’ என்றார், அவன் சரியென்று தலையை ஆட்டினான். மறுபடி ‘இன்னும் பத்தடி’ என்றார், மறுபடி ஆட்டினான். பொழுதுக்கும் புழுதி பறந்தது. காடு விலைக்குப் போயிற்று. பெரியவர் அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. வீடு தேடி வந்துகொண்டிருந்த மாப்பிள்ளைகளெல்லாம் நின்றுபோன சமயத்தில், அந்த வண்டியில் வந்திருந்தவர்களில் அர்த்தநாரி ஒருவன் மட்டும் திரும்பி வந்து அவளைக் கேட்டான்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் கேட்டாளாம்: “அன்னிக்கு எங்கப்பனுகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?”

“நாங்க சொல்லக் கூடாது, கோகிலா.”

“சொன்னா என்ன, நாக்கு அழுகிப் போயிருமா?”

இதை அவளே பாவாயக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

அதனால் எங்களுக்குப் புரிந்தவரை, கோகிலவாணி மனசுக்குள் ஓர் எண் இருந்தது. அப்பன் காட்டைத் திரும்ப வாங்கினால் போதும் என்ற எண். அது எவ்வளவு என்று மயில்சாமி ஒரு தாளும் எடுக்காமல் வாய்க்கணக்காகவே சொல்லியிருந்தார்: பலூன் ஐந்நூறுக்குப் போக வேண்டும். அவள் தினமும் விடிந்ததும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பாள். வெயில் ஏறுவதற்குள் தலையில் துண்டு கட்டிக்கொள்ளச் சொல்வாள். மழை வந்தால் வடத்தில் குடையை அனுப்புவாள். இறங்கி வாருங்கள் என்று சொல்வதற்கு வாயைத் திறந்து, அவன்தானே ஆசைப்பட்டு ஏறியிருக்கிறான், அவனாக இறங்கட்டும் என்று மூடிக்கொள்வாள். எண் முந்நூறைத் தாண்டியது. அவன் ஒரு பருந்தளவுக்குத் தெரிந்தான். கூப்பிட்டால் குரல் எட்டவில்லை.

அப்புறம் தூக்குச்சட்டி சோறு குறையாமல் கீழே இறங்கி வர ஆரம்பித்தது. முதல் நாள் பாதிச் சோறு, பிறகு முக்கால், பிறகு கொள்ளுப் பருப்பின் மேல் ஊற்றின நெய்கூடக் கலையாமல். பேட்டரி மட்டும் ஒவ்வொரு நாளும் தீர்ந்து வந்தது.

நானூற்று எண்பது என்று பலகையில் எழுதியிருந்த நாள், கோகிலவாணி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

“அண்ணா, நான் மேல போவோணும்.”

“மேலயா? உனக்கென்ன கிறுக்கா புள்ள? இன்னும் இருவதுதான் இருக்குது. எட்டு நாளு, மிஞ்சிப்போனா பத்து நாளு. பொறுத்தது பொறுத்த...”

“சோறு திங்கல அவரு. பாத்துப்போட்டு வந்தர்றன்.”

ரிக் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி அதன் கம்பத்தை நிமிர்த்தினார்கள். கம்பத்தின் உச்சியில் கப்பி மாட்டி, அர்த்தநாரியின் வடத்தையே வண்டியின் இயந்திரத்தில் சுற்றி, ஒவ்வொரு முழமாகக் கீழே இழுத்தார்கள். எண் ஏறியபடியே இருந்ததால் அவன் முழுக்க இறங்கவில்லை, தூண்டிலில் மாட்டிய பெரிய மீன்போல வடம் விறைத்து நின்றது. கம்பத்தின் உச்சிக்கும் அவனுக்கும் இடையே ஓர் ஆள் உயரம் மீதி இருந்தது. அவள் ஏணியில் ஏறி உச்சிக்குப் போனாள். கீழே இயந்திரத்தை அணைத்துவிட்டார்கள், அதனால் அவர்கள் பேசினது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“என்னங்க மாமா இது, எலும்பும் தோலுமா?”

“பசிக்கலடா.”

“இங்கிருந்து பாத்தா என்ன தெரியுது?”

“எல்லாந் தெரியுது. உங்கப்பாரு காடு தெரியுது. ஏழு குழியும் சட்டையில பொத்தான் பிஞ்ச ஓட்டையாட்டத் தெரியுது.”

அவள் ஏணிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “எறங்கி வரலாமுல்ல மாமா? யாரு வேண்டாங்கறா?”

அர்த்தநாரி அவளைக் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் இருந்தது என்று சொன்னால் கீழே நின்ற எங்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். குரலில் தெரிந்தது.

“நீ சொல்லவே இல்லியே கோகிலா.”

“நானா?”

“கணக்கு உன்றது. நீ வாயத் தெறக்காம நான் எப்படி நிறுத்தறது? முதநாளு காப்பி குடுத்தப்பவே சொல்லுவீன்னு பாத்தேன். நீ ஒண்ணுஞ் சொல்லுல. செரி, உனக்கு இன்னும் வேணும்போலிருக்குதுன்னு இருந்துட்டேன்.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவன் ஆசையில் போகிறான் என்று அவள் விட்டிருந்தாள், அவள் ஆசைக்காகப் போகிறோம் என்று அவன் போயிருந்தான், சொந்தக்காரர் சொல்லட்டும் என்று ஓர் ஊரே கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றிருந்தது. வேறு எந்த ஊரிலும் முதல் நாள் காலையிலேயே யாராவது ஒருவர் “டேய், எறங்குடா” என்று கத்தியிருப்பார்கள்.

“இப்ப எவ்வளவு?” என்று கேட்டாள் கோகிலவாணி.

அவன் போனைப் பார்த்தான். “நானூத்தி எம்பத்தி ஒண்ணு.”

அவள் திரும்பி அந்தக் கரட்டுக் காடு இருந்த திசையைப் பார்த்தாள். கம்பத்தின் உச்சியிலிருந்து அவளுக்கும் அது தெரிந்திருக்கும். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “அப்ப, இன்னும் கொஞ்சம்...”

அர்த்தநாரி தலையை ஆட்டினான். கோபமில்லாமல், மறுப்பில்லாமல், ராடு பிடித்தவன் நிலத்துக்காரருக்கு ஆட்டுவதுபோல. அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் கம்பத்தின் மேல் கோகிலவாணி அழ ஆரம்பித்தாள். சின்னப்பிள்ளை அழுவதுபோல வாய்விட்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். கீழே இருந்து மயில்சாமி, “புள்ள, பாத்து! கையி நழுவிரும்!” என்று கத்தினார்.

“போதுமுங்க மாமா” என்றாள் அவள். “போதும்.”

அவன் அழுத்தினான்.

அவன் விழவில்லை. ஏறின அளவுக்கு மெதுவாகவே இறங்கினான், அதற்கும் பல வாரங்கள் ஆயின. இறங்குகிற நாட்களில் சோறு தின்றான், இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றான். ஆட்டக் கம்பெனி பாதிப் பணத்தை அனுப்பியது. மீதியைச் சரிபார்ப்பதாகச் சொன்னது, இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. வந்த பாதி, அவன் முன்னால் ஆடித் தோற்றதில் ஏறிய கடனை அடைப்பதற்குச் சரியாகப் போயிற்று.

ஆனால் பலூன் நிற்கவில்லை. அந்த ஆட்டம் அப்படித்தான், இறங்கியவன் இல்லாமலும் பலூன் போகும், அது போவதை இறங்கியவனுக்குக் காட்டவும் செய்வார்கள். அவன் கால் மின்கம்ப உயரத்துக்கு வந்தபோது எண் ஐந்நூறைத் தாண்டியிருந்தது. கால் தரையைத் தொட்ட அன்று எழுநூறைத் தாண்டியிருந்தது. வெடிக்கவே இல்லை.

டீக்கடையில் அன்றைக்கே பேச்சு ஆரம்பித்தது. “அவசரப்பட்டுட்டா அந்தப் புள்ள.” “இன்னும் பத்து நாளு பொறுத்திருந்தா அப்பன் காடு கைக்கு வந்திருக்குமுல்ல?” “பொம்பளைக்கு மனசு தாங்காதுப்பா.” இறக்க ஒரு வார்த்தை சொல்லாதவர்களுக்கு, இறக்கியதைப் பற்றிச் சொல்ல எத்தனையோ வார்த்தைகள் இருந்தன. எங்களுடைய வழக்கம் எதற்குப் பயந்து உண்டானதோ அந்தப் பழி முழுவதும் அவள் ஒருத்தி தலையில் வந்து விழுந்தது. “ஆமாண்டா, மேலயே காஞ்சு கருவாடாகியிருந்தா உங்களுக்கெல்லாம் குளுகுளுன்னு இருந்திருக்கும்” என்று பாவாயக்கா ஒருமுறை கத்திவிட்டுப் பலகையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எண்ணை அதற்குப் பிறகு ஆளாளுக்குத் தங்கள் போனில் பார்த்துக்கொண்டோம்.

கோகிலவாணி கடைக்குப் போனாலும், தண்ணீருக்குப் போனாலும் பேச்சு அவள் காதில் விழும். அவள் பையையோ குடத்தையோ தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள். அர்த்தநாரி மறுபடி நடந்து பழகினான். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு வாசல்வரை, பிறகு மயில்சாமியின் பட்டறைவரை. போனை அவளிடமே கொடுத்துவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அர்த்தநாரி பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மயில்சாமி உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார். கோகிலவாணி அவருக்கும் தட்டு வைத்தாள்.

“மாப்ள, இன்னைக்கு எங்க நிக்குது தெரியுமா?”

“வேண்டாம் மச்சா, சொல்லாதீங்க.”

“செரி.”

கொஞ்ச நேரம் இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு அர்த்தநாரி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்: “எவ்வளவு?”

“ரெண்டாயிரத்தி நூறு.”

அர்த்தநாரியின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவனுடைய குதிகால் இரண்டும் சிமெண்ட் தரையைவிட்டு மெதுவாக, நூலளவு, பிறகு விரலளவு எழும்பின. அவனுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மயில்சாமி பார்க்கவில்லை. கரண்டியோடு வந்த கோகிலவாணி பார்த்தாள். சேரை ஒட்டி வந்து நின்று, தன் வலது காலை அவன் பாதத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“அண்ணா, கொழம்பு ஊத்தட்டுமா?” என்று கேட்டாள்.